மண்ணைச் சூடாக்க 26 ஆண்டு, மானியம் 6 ஆண்டு: எல்.டி.இ.ஆர். நிதி முறை குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹார்வர்டு காட்டில் 1991-இல் ஒரு சோதனை தொடங்கியது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் அளவில் 18 பாத்திகள் பிரிக்கப்பட்டன. ஆறு பாத்திகளில் 10 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளி விட்டு மின்சூடேற்றிக் கம்பிகளைப் புதைத்தார்கள். அக்கம்பக்கத்து மண்ணைவிட 5 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் அந்த மண்ணை வைத்திருப்பதுதான் வேலை. இன்னும் ஆறு பாத்திகளில் கம்பி புதைத்தார்கள், மின்சாரம் கொடுக்கவில்லை. தோண்டியதால் மண்ணில் வரும் மாற்றத்தைச் சூட்டினால் வரும் மாற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க இது தேவை. மீதி ஆறு பாத்திகளைத் தொடவே இல்லை.

26 ஆண்டுத் தரவு 2017-இல் வெளியானது. முதல் 10 ஆண்டுகளில் சூடேற்றிய மண்ணிலிருந்து கரியமில வாயு கூடுதலாக வெளியேறியது. அடுத்த 7 ஆண்டுகளில் சூடேற்றிய பாத்திக்கும் சாதாரணப் பாத்திக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 18-ஆம் ஆண்டிலிருந்து 23 வரை வெளியேற்றம் மறுபடி கூடியது. கடைசி மூன்று ஆண்டுகளில் திரும்பவும் வித்தியாசம் இல்லை. எளிதில் மக்கும் பொருள் தீர்ந்ததும் நுண்ணுயிர்க் கூட்டமே மாறி அமைந்து, லிக்னின் போன்ற கடினமான பொருளைச் சிதைக்கத் தொடங்கியது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்தக் கால அட்டவணையை மானியத்தின் கால அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். 3 ஆண்டு மானியத்தில் எழுதும் கட்டுரை ‘மண் வேகமாகக் கரிமத்தை இழக்கிறது’ என்று முடியும். 12-ஆம் ஆண்டில் புதிதாகப் பணம் கேட்டால், ‘விளைவு நின்றுவிட்டது, இதற்கு ஏன் இன்னும் மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும்?’ என்று மதிப்பீட்டாளர் கேட்பது நியாயமாகவே தோன்றும். அப்போது கம்பியைப் பிடுங்கியிருந்தால் மூன்றாம் கட்டம் யாருக்கும் தெரிந்திருக்காது. சூழலியல் ஆய்வுகளில் மானியம் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். பணம் போதாமல் தோற்பதைவிட, எதுவும் நடக்காதது போலத் தெரியும் ஆண்டுகளில் பணம் நின்றுபோய்த் தோற்பதே அதிகம். அந்த ஆண்டுகளைத் தாண்டிச் செல்ல அமெரிக்கா ஏற்படுத்திய எல்.டி.இ.ஆர். (நெடுங்காலச் சூழலியல் ஆய்வு) நிதி முறை எப்படி வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்பதே இந்த ஆய்வு.

திட்டத்தின் அமைப்பு

அமெரிக்க அரசின் ஆய்வு நிதி நிறுவனமான தேசிய அறிவியல் அறக்கட்டளை, சுருக்கமாக என்.எஸ்.எஃப்., 1980-இல் நெடுங்காலச் சூழலியல் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. எல்.டி.இ.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் ஆறு தளங்கள்: ஓரிகனின் ஆண்ட்ரூஸ் காடு, வட கரோலினாவின் கொவீட்டா மலைக்காடு, கன்சாஸின் கொன்சா புல்வெளி, கொலராடோவின் நைவாட் மலைமுகடு, தென் கரோலினாவின் நார்த் இன்லெட் கழிமுகம், விஸ்கான்சினின் ஏரிகள். பிறகு பாலைவனம், ஆர்க்டிக் தூந்திரம், போர்ட்டோ ரிக்கோவின் மழைக்காடு, அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்கு, மோரியா தீவின் பவளப்பாறை, பால்டிமோர், ஃபீனிக்ஸ் போன்ற நகரங்கள் என்று விரிந்தது.

ஒரு தளத்துக்கு ஒரு தவணை 6 ஆண்டு. அண்மை ஆண்டுகளில் உச்சவரம்பு ஆண்டுக்குச் சுமார் 11 முதல் 13 லட்சம் டாலர். மூன்றாம் ஆண்டில் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். ஆறாம் ஆண்டில் புதுப்பிப்பு விண்ணப்பம். அது மறுக்கப்பட்டாலும் உடனே கதவை அடைப்பதில்லை. குறுகிய கால இடைநிதி கொடுத்து, திருத்தி மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள். இரண்டாம் முறையும் தேறாவிட்டால்தான் தளத்தை மூடுவதற்கான பணம். மூடுவதற்கும் பணம் தருவது இந்த முறையின் மிக நல்ல அம்சங்களில் ஒன்று. கருவிகளைக் கழற்றவும், தரவைச் சுத்தப்படுத்திக் காப்பகத்தில் சேர்க்கவும், மாணவர்கள் பட்டம் முடிக்கவும் அது கைகொடுக்கும்.

எல்லாத் தளங்களும் ஐந்து பொதுப் பொருள்களை அளக்க வேண்டும்: தாவர உற்பத்தி, உயிரினத் தொகைகளும் உணவுச் சங்கிலியும், கரிமப் பொருள் சேர்வது, ஊட்டச்சத்துகளின் வரத்தும் நகர்வும், தீ, புயல், வெட்டு போன்ற இடையூறுகள். பவளப்பாறைக்கும் புல்வெளிக்கும் பொதுவான மொழி இதுதான். இது இல்லாமல் போயிருந்தால் ஒவ்வொரு தளமும் தன் தலைவருக்குப் பிடித்ததை மட்டும் அளந்துவிட்டுப் போயிருக்கும்.

6 ஆண்டு என்பதும் எல்லா நிலத்துக்கும் போதாது. கொன்சா புல்வெளியில் நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுதோறும், 2, 4, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று வெவ்வேறு இடைவெளியில் தீயிடுகிறார்கள். 20 ஆண்டுப் பிரிவில் ஒரு சுற்று முடிவதற்குள் மூன்று புதுப்பிப்புத் தேர்வுகள் வந்துபோகும். அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ பள்ளத்தாக்கு 1986 முதல் 2000 வரை குளிர்ந்துகொண்டே வந்தது. பிறகு 2001-02 கோடையின் ஒரே வெப்ப அலையில் பனிப்பாறைகள் உருகி ஓடைகள் பெருக்கெடுத்தன. அதன் விளைவு ஏரிகளிலும் மண்புழுக்களைவிட மிகச் சிறிய உருண்டைப்புழுக்களிலும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அடிப்படைச் செலவை யார் ஏற்பது

எல்.டி.இ.ஆர். தளங்களில் நிலைத்து நின்றவற்றைப் பார்த்தால் ஒரு பொது அம்சம் உண்டு: மானியத்துக்கு வெளியே ஒரு நிரந்தர நிறுவனம் அடிமட்டச் செலவைச் சுமக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்டு புரூக் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

அமெரிக்க வனத்துறை 1955-இல் அதைச் சோதனைக் காடாக அறிவித்து, ஓடைகளின் குறுக்கே ‘வி’ வடிவ வெட்டுள்ள சிற்றணைகளைக் கட்டியது. வெட்டின் அடிமட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதைக் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடலாம். அடியில் நீர் புகாத பாறை இருப்பதால், மழையாக வந்தது எவ்வளவு, ஓடையாகப் போனது எவ்வளவு என்று வரவு செலவு எழுத முடிந்தது. ஹெர்பர்ட் போர்மனும் ஜீன் லைக்கன்ஸும் சக ஆய்வாளர்களோடு 1963-இல் என்.எஸ்.எஃப். பணத்தோடு வந்தபோது சிற்றணையும் மழைமானியும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள். மானியம் முழுவதும் வேதியியல் பகுப்பாய்வுக்குப் போக முடிந்தது.

அந்த ஆண்டு எடுத்த முதல் மழை மாதிரியின் பி.எச். 3.7 (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). அமில மழை வட அமெரிக்காவில் கண்டறியப்பட்டது இந்தப் பதிவிலிருந்துதான். அதைத் தேடி யாரும் மானியம் கேட்கவில்லை. ஊட்டச்சத்து வரவு செலவுக்காக மழையை அளந்தார்கள். மழையின் அமிலத்தன்மை குறைகிறது என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல 18 ஆண்டுத் தொடர் பதிவு வேண்டியிருந்தது என்று லைக்கன்ஸ் பின்னர் காட்டினார். அந்தப் பதிவிலிருந்து ஏதாவது மூன்று ஆண்டை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு துண்டில் ஏற்றம் தெரியும், இன்னொன்றில் இறக்கம் தெரியும். 1990-இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது மேசைமேல் இருந்த சான்றுகளில் இந்தப் பதிவும் ஒன்று. ஹப்பர்டு புரூக் எல்.டி.இ.ஆரில் சேர்ந்ததோ 1980-களின் இறுதியில்தான். அதுவரை கால் நூற்றாண்டு ஓட்டியது சிறு மானியங்களும் வனத்துறையின் நிரந்தர ஊழியர்களும்.

கொவீட்டாவிலும் இதே பாடம் மறுபக்கத்திலிருந்து தெரிகிறது. முதல் ஆறில் ஒன்றான அந்தத் தளத்துக்கு எல்.டி.இ.ஆர். பணம் பின்னாளில் நின்றது. ஆனால் அங்கே வனத்துறையின் நீரியல் ஆய்வகம் 1934 முதல் இயங்குகிறது. ஓடை அளவீடு தொடர்கிறது. பல்கலைக்கழகம் மட்டுமே தாங்கிய தளமாக இருந்திருந்தால் பதிவு அன்றே அறுந்திருக்கும்.

ஆகவே விண்ணப்பம் எழுதும் முன் இரண்டு பட்டியல் போட வேண்டும். ஒன்று, யார் வந்தாலும் போனாலும் நிற்கக் கூடாத அளவீடுகள்: மழை, வெப்பம், ஓடை, குறியிட்ட மரங்கள். மற்றது, இந்தத் தவணையின் கேள்விக்காகச் செய்யும் சோதனைகள். முதல் பட்டியல் வழக்கமாக மலிவானது. அதற்கான பணத்தை மானியத்தை மட்டும் நம்பி வைக்கக் கூடாது.

வரவு செலவுத் திட்டம்

ஆண்டுக்கு 12,75,000 டாலர் பெரிதாகத் தெரியும். கையில் எவ்வளவு நிற்கிறது என்பதை ஓவர்ஹெட், அதாவது பொது நிர்வாகச் செலவுக்காகப் பல்கலைக்கழகம் மானியத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்கு, தீர்மானிக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளாகத்துக்குள் நடக்கும் ஆய்வுக்கு 50 விழுக்காட்டுக்கு மேல் ஓவர்ஹெட் எடுப்பது சாதாரணம். வளாகத்துக்கு வெளியே நடக்கும் ஆய்வுக்குப் பல இடங்களில் 26 விழுக்காடு. நிர்வாகச் செலவுக்கு அரசு விதித்த உச்சவரம்பு அது. முழுத் தொகைக்கும் ஓவர்ஹெட் உண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 55 விழுக்காட்டில் ஆய்வுக்கு மிஞ்சுவது சுமார் 8,22,600 டாலர். 26 விழுக்காட்டில் சுமார் 10,11,900. வித்தியாசம் ஆண்டுக்கு 1,89,000 டாலருக்கு மேல். அது பல கள ஊழியர்களின் சம்பளம். ஆகவே களநிலையத்தில் நடக்கும் வேலைக்கு வெளிவளாக விகிதம் பொருந்துமா என்று பல்கலைக்கழக நிதிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது முதல் வேலை. கருவிகள், மாணவர்களின் கல்விக் கட்டணம், பயிற்சி பெற வருவோருக்கான உதவித்தொகை ஆகியவற்றுக்கு ஓவர்ஹெட் கிடையாது. அவற்றைச் சரியான தலைப்பில் எழுதாமல் ‘இதர செலவு’ என்று போட்டால் பணம் வீணாகக் கழியும்.

அடுத்தது விலைவாசி. ஆறு ஆண்டும் ஒரே தொகை என்றால், ஆண்டுக்கு 3 விழுக்காடு விலையேற்றத்தில் ஆறாம் ஆண்டுப் பணத்தின் மதிப்பு முதல் ஆண்டைவிட 14 விழுக்காடு குறைவு. சம்பளமோ உயரும். முதல் ஆண்டிலேயே முழுத் தொகைக்கும் ஆள் எடுத்துவிட்டால் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் யாரையாவது நிறுத்த வேண்டி வரும். புதுப்பிப்புக்குத் தரவு திரட்ட வேண்டிய ஆண்டுகளும் அவையேதான். முன்பாதியில் கருவி, பின்பாதியில் ஆள் என்று திட்டமிடுவது பாதுகாப்பானது.

ஒரே தொகை எல்லா நிலத்திலும் ஒரே தூரம் போகாது. புல்வெளியில் ஒரு பிக்கப் வண்டியும் எடைபோடும் தராசும் போதும். கலிஃபோர்னியக் கடலோட்டத் தளத்தில் கப்பல் வேண்டும். அண்டார்க்டிகாவில் விமானமும் முகாமும் என்.எஸ்.எஃப்-இன் துருவப் பிரிவு வழியாகத் தனியே வருகின்றன. அதை மானியத் தொகைக்குள் அடக்கச் சொன்னால் ஒரு பருவம்கூடத் தாங்காது. மின்னசோட்டாவின் சீடர் கிரீக்கில் 1994-இல் தொடங்கிய பல்லுயிர்ச் சோதனை இன்னொரு வகை. 9 மீட்டருக்கு 9 மீட்டர் பாத்திகளில் 1, 2, 4, 8, 16 என்று இனங்களை விதைத்தார்கள். விதைத்த எண்ணிக்கை அப்படியே நிற்க வேண்டுமென்றால் மற்றதெல்லாம் களை; கையால் பறிக்க வேண்டும், ஒவ்வொரு கோடையும். அந்தச் சோதனையின் உண்மையான செலவு களையெடுப்புக் கூலிதான். ஒரு கோடை விட்டுப்போனால் பாத்தியின் எண்ணிக்கை கலைந்துவிடும், முந்தைய ஆண்டுகளின் பணமும் சேர்ந்து போகும்.

விண்ணப்பம் எங்கே தோற்கிறது

‘இது வெறும் கண்காணிப்பு’ என்ற ஒரு வரி விமர்சனம் நல்ல தளங்களையும் தடுமாற வைத்திருக்கிறது. நாற்பது ஆண்டாக அளக்கிறோம், இன்னும் ஆறு ஆண்டு அளக்கப் பணம் கொடுங்கள் என்று எழுதினால் எந்தக் குழுவும் கொடுக்காது. தளத்துக்கென ஒரு கருத்துச் சட்டகம் வேண்டும். அதிலிருந்து கேள்வி பிறக்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தொடர் பதிவு இல்லாமல் பதில் கிடைக்காது என்று காட்ட வேண்டும். ஹார்வர்டு பாத்திகளின் 12-ஆம் ஆண்டில் எழுதத் தக்க வரி ‘சூடேற்றம் தொடரும்’ என்பதல்ல. ‘விளைவு நின்றதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: எளிதில் மக்கும் கரிமம் தீர்ந்திருக்கலாம், அல்லது நுண்ணுயிர்கள் சூட்டுக்குப் பழகியிருக்கலாம். முதலாவது சரியென்றால் இன்னது நடக்கும், இரண்டாவது சரியென்றால் இன்னது நடக்கும்’ என்பது. எதுவும் நடக்காத ஆண்டுகளையும் அப்படி எழுதினால் அவையே சோதனையாகிவிடும்.

எதிர்த் தவறும் உண்டு. மதிப்பீட்டாளரைக் கவரப் புதுக்கேள்விகளை அடுக்கி, அடிப்படை அளவீட்டுக்கான பணத்தை அவற்றுக்கு மாற்றிவிடுவது. அடுத்த தவணையில் பதிவு ஓட்டையாகி நிற்கும்போதுதான் வலி தெரியும். என் பார்வையில் இதுவே கூடுதல் ஆபத்து. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தலாம், அளக்காத மழையை அளக்க முடியாது.

கருவி மாற்றம் அமைதியாகக் கெடுக்கும். புதுத் தவணை, புதுக் கருவி என்ற உற்சாகத்தில் பழைய மழைமானியைக் கழற்றி, தானியங்கி மானியைப் பொருத்துவார்கள். இரண்டும் பிடிக்கும் மழையளவு ஒன்றாக இருக்காது. காற்றிலும் பனியிலும் வேறுபாடு கூடும். அதற்குப் பின் வரும் ஏற்ற இறக்கம் வானிலையா கருவியா என்று யாராலும் பிரிக்க முடியாது. பழையதும் புதியதும் அருகருகே குறைந்தது ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவமும் வரும்படி ஓட வேண்டும். அந்த ஓராண்டுக்கான ஆள் செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகவே எழுதுங்கள்.

தரவு மேலாளரைக் குறைப்பது அடுத்த பொதுவான தவறு. எல்.டி.இ.ஆர். தளம் ஒவ்வொன்றிலும் தகவல் மேலாளர் ஒருவர் உண்டு. சேகரித்த இரண்டு ஆண்டுக்குள் தரவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது திட்டத்தின் கொள்கை. புதுப்பிப்பு விண்ணப்பத்தோடு தரவுத் தொகுப்புகளின் பட்டியலை இணைக்க வேண்டும்; எது எங்கே கிடைக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று மதிப்பீட்டாளர் திறந்து பார்ப்பார். ஆறாம் ஆண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்யலாம் என்று விட்டால், அளந்த மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார். தரவு அட்டவணையில் ‘பி2’ என்ற நெடுவரிசைக்கு என்ன பொருள், அலகு என்ன என்று கேட்க ஆள் இருக்காது.

தலைமை மாற்றத்தையும் முன்கூட்டியே எழுத வேண்டும். 30 வயதில் தளத்தைத் தொடங்கியவர் 65-இல் ஓய்வு பெறுவார். மரத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. அடுத்த தலைவரைத் தவணையின் நடுவிலேயே இணைத் தலைவராக அமர்த்தி, மூன்றாம் ஆண்டு நேராய்வில் அவரையே பேச வைப்பது நல்ல பழக்கம்.

புயல் வந்தால்

போர்ட்டோ ரிக்கோவின் லுக்கியோ மழைக்காடு 1988-இல் திட்டத்தில் சேர்ந்தது. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ சூறாவளி அடித்தது. 1998-இல் ஜார்ஜஸ், 2017-இல் மரியா. ஆய்வுத் தாள்களில் எழுதிய திட்டம் காற்றோடு போனாலும், புயலுக்கு முந்தைய அளவீடு கையில் இருந்ததால் சேதமும் மீட்சியும் மரம் மரமாகக் கணக்கிட முடிந்தது. இப்படிப்பட்ட நேரத்துக்கு என்.எஸ்.எஃப்-இல் ‘ராபிட்’ என்ற விரைவு மானியம் உண்டு. சில பக்க விண்ணப்பம், வெளி மதிப்பீடு இல்லை, திட்ட அலுவலர்களே முடிவெடுக்கிறார்கள், ஓராண்டு, 2 லட்சம் டாலர் வரை என்ற அளவில் இயங்கிவந்தது. எழுதும் முன் திட்ட அலுவலரிடம் பேசியாக வேண்டும். விழுந்த இலை மக்குவதற்குள், முறிந்த கிளை துளிர்ப்பதற்குள் எண்ண வேண்டியவற்றை எண்ண இது உதவும்.

பெரிய தளம் இல்லாத தனி ஆய்வாளருக்கு எல்.டி.ஆர்.இ.பி. (சுற்றுச்சூழல் உயிரியலில் நெடுங்கால ஆய்வு) என்ற சிறிய வழி உண்டு. குறைந்தது 6 ஆண்டுத் தரவு ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். பத்தாண்டுத் திட்டம் எழுத வேண்டும். முதல் 5 ஆண்டுக்கு நிதி, பிறகு சுருக்கமான புதுப்பிப்பில் இன்னொரு 5 ஆண்டு. ஏற்கெனவே உழைத்தவருக்கு முன்னுரிமை தரும் இந்த நிபந்தனை நல்ல நிபந்தனை.

முதுமலையில் இதே கணக்கு

தமிழ்நாட்டில் இதற்கு நேர் இணை முதுமலை. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம் ஆர். சுகுமார் தலைமையில் 1988-89-இல் அங்கே 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பை அமைத்தது. 1,000 மீட்டருக்கு 500 மீட்டர். 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 கட்டங்கள். 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு, வரைபடத்தில் இடம். முதல் கணக்கெடுப்பில் 25,929 மரங்கள். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மரத்தின் பருமனும் அளக்கப்படுகிறது. யானை தின்று ஒரு மர இனம் சரிந்ததும், தீ வந்த ஆண்டுகளில் சிறு மரங்கள் மடிந்ததும் இந்த ஆண்டுக் கணக்கால்தான் தெரிந்தன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போயிருந்தால், மரம் இல்லை என்று தெரிந்திருக்கும். யானையா தீயா என்று தெரிந்திருக்காது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடர்ந்து தந்த நிதி இதன் முதுகெலும்பு.

இது விதிவிலக்கு. நம் நாட்டில் ஆய்வுத் திட்டம் என்றால் வழக்கமாக மூன்று ஆண்டு. 2015-இல் மேற்கு இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, அந்தமான் நிக்கோபார், சுந்தரவனம் உள்ளிட்ட நிலங்களுக்கு நெடுங்காலச் சூழலியல் ஆய்வகங்கள் என்ற தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பின் திசை சரியானது. ஆனால் இன்று மூன்றாண்டுத் திட்டத்தோடு காட்டுக்குள் போகிறவர் அதற்குள்ளேயே சமாளிக்க வேண்டும்.

முதலில் நாட்காட்டி. வனவுயிர்ச் சரணாலயத்தில் ஆய்வு செய்ய, 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். நிதி ஒப்புதல் வந்த பின் அனுமதிக்கு எழுதினால் முதல் பருவம் கைவிட்டுப் போகும். மூன்று பருவத்தில் ஒன்று என்றால் தரவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு விண்ணப்பமும் ஒரே மாதத்தில் போக வேண்டும். அடுத்தது, நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த தவணை வரும். தணிக்கை இழுத்தால் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது கணக்கில் பணம் இருக்காது. ஆகவே மார்ச் முடிந்த கையோடு தணிக்கையாளரிடம் கணக்கு போக வேண்டும். மழைக்காலத்துக்கான மின்கலம், தகடு, ஆணி, வண்ணம் எல்லாம் மார்ச்சுக்குள் வாங்கி அறையில் இருக்க வேண்டும்.

பெரிய ஆபத்து கள உதவியாளர்கள். எந்த மரத்தின் தகடு யானை உரசி விழுந்தது, எந்தக் கட்டத்தின் மூலைக்கல் புதருக்குள் கிடக்கிறது என்று அறிந்தவர்கள் உள்ளூர்ப் பழங்குடி ஊழியர்கள். திட்டம் முடிந்து அடுத்தது வர எட்டு மாதம் ஆனால் அவர்கள் எஸ்டேட் வேலைக்கோ ரிசார்ட்டுக்கோ போக வேண்டியிருக்கும். அது அவர்கள் குற்றமல்ல. புது ஆளைப் பழக்க ஒரு பருவம் போகும். அந்தப் பருவத்தில் ‘செத்துவிட்டது’ என்று எழுதிய மரம் அடுத்த ஆண்டு உயிரோடு நிற்கும்.

இதைத் தடுக்கும் தொகை பெரிதல்ல. இரண்டு ஊழியரின் ஓராண்டுச் சம்பளம், ஒரு வண்டியின் எரிபொருள், தகடு வாங்கும் செலவு. நிறுவனம் எடுத்துக்கொள்ளும் ஓவர்ஹெட்டில் ஒரு பங்கை இந்த இடைவெளிக்கென ஒதுக்கித் தருவதாகப் பதிவாளரிடமோ இயக்குநரிடமோ கடிதம் வாங்கி, அதை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். கேட்க வேண்டிய நேரம் விண்ணப்பத்தில் நிறுவனத் தலைவர் கையெழுத்திடும் முன்பு.